பக்கவாதச் சிகிச்சை: நேரம் எங்கே தொலைகிறது?

பக்கவாதம் வந்த ஒருவர் மீண்டும் எழுந்து நடப்பாரா, படுக்கையோடு கிடப்பாரா என்பதை அவருக்கு மருத்துவம் பார்ப்பவரின் திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை. அறிகுறியை முதலில் கண்ட குடும்பத்தினர், அவர்களின் அழைப்பை எடுத்த அவசர உதவி மையப் பணியாளர், ஆம்புலன்ஸில் வந்தவர், ஸ்கேன் அறைத் தொழில்நுட்பர், மருந்தைக் கலந்த செவிலியர், தேவைப்பட்டபோது அடுத்த மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தவர், சில மாதங்கள் கழித்து ரத்த அழுத்தத்தைச் சோதித்தவர் என ஏழெட்டுக் கைகள் மாறித்தான் அந்தச் சிகிச்சை முழுமையடைகிறது. ஒவ்வொரு கையும் தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தாலும், கை மாறும் இடங்களில் நேரம் தொலைந்துபோனால் விளைவு மோசமாகவே இருக்கும். ஒரு மாவட்டத்திலோ பல மாவட்டங்கள் சேர்ந்த மண்டலத்திலோ பக்கவாதச் சிகிச்சையை மேம்படுத்துவது என்றால் புதிய கருவி வாங்குவதும் பெரிய மருத்துவமனை கட்டுவதும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. கடந்த முப்பது ஆண்டு அனுபவமோ பெரும்பாலான முன்னேற்றம் இந்தக் கைமாற்றங்களைச் சீர்செய்ததால் வந்தது என்றே காட்டுகிறது.

இதைப் புரிந்துகொள்ள நோயின் தன்மையைச் சற்றுப் பார்க்க வேண்டும். மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் அடைபடுவது ஒரு வகைப் பக்கவாதம். குழாய் வெடித்து ரத்தம் கசிவது மற்றொரு வகை. 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1.22 கோடிப் பேருக்குப் புதிதாகப் பக்கவாதம் வந்ததாக உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. அவற்றில் சுமார் 62 சதவீதம் அடைப்பால் வந்தவை. 28 சதவீதம் மூளைத் திசுவுக்குள் ஏற்பட்ட கசிவு. எஞ்சியவை மூளையைச் சூழ்ந்த சவ்வுகளுக்கு இடையே ஏற்பட்ட கசிவு. கோணிய முகமும் துவண்ட கையும் குழறும் பேச்சும் இரண்டு வகைக்கும் பொதுவானவை. எத்தனை அனுபவமுள்ள மருத்துவரானாலும் படுக்கையருகே நின்று பார்த்து மட்டும் இது அடைப்பா கசிவா என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அடைப்புக்குக் கொடுக்கும் உறைவு கரைப்பு மருந்தைக் கசிவு உள்ளவருக்குக் கொடுத்தால் அது உயிரையே பறிக்கக்கூடும். ஆகவே ஸ்கேன் என்ற வாசலைத் தாண்டாமல் சிகிச்சைக்குள் நுழைய வழியில்லை. மாரடைப்புச் சந்தேகத்தில் ஆம்புலன்ஸிலேயே ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பாதி முடிவுக்கு வந்துவிட முடிவதுபோல், பக்கவாதத்தில் முடியாததற்கும் இதுவே காரணம்.

பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால், சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006-இல் வெளியான ஒரு கணக்கீடு கூறியது. இது சராசரிதான், பக்கவழி ரத்தக்குழாய்கள் நன்றாக அமைந்த சிலருக்கு இழப்பு மெதுவாகவும், அவை இல்லாதவர்களுக்கு அதிவேகமாகவும் நடக்கும். அறிகுறி தொடங்கி 3 மணி நேரத்துக்குள் ஆல்டிப்ளேஸ் என்ற உறைவு கரைப்பு மருந்தைக் கொடுத்தால் பயன் உண்டு என்பது அமெரிக்காவில் நடந்த சோதனையின் மூலம் 1995-இல் நிறுவப்பட்டது. 2008-இல் ஐரோப்பியச் சோதனை ஒன்று அந்த எல்லையை நாலரை மணி நேரமாக நீட்டித்தது. பல சோதனைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2014-இல் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, 3 மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழ 33 சதவீதத்தினர் ஊனம் ஏதுமின்றியோ மிகச் சிறிய குறையோடோ மீண்டார்கள். மருந்து பெறாதவர்களில் அது 23 சதவீதம். அதாவது பத்துப் பேருக்கு ஒருவர் கூடுதலாக மீள்கிறார். நேரம் தள்ளிப்போகப் போக இந்த இடைவெளி சுருங்குகிறது.

2015-ஆம் ஆண்டு நிலைமை அடியோடு மாறியது. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மூளையின் பெரிய குழாயை அடைத்திருக்கும் உறைவை வெளியே இழுத்தெடுக்கும் முறை மருந்தை மட்டும் நம்புவதைவிட மிகவும் மேலானது என்று ஒரே ஆண்டில் ஐந்து சோதனைகள் காட்டின. அவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டு அல்லது மூன்று பேருக்கு இந்தச் சிகிச்சை அளித்தால் அவர்களில் ஒருவருக்காவது ஊனத்தின் அளவு ஒரு படி குறைகிறது என்று தெரிந்தது. மருத்துவத்தில் இவ்வளவு பலன் தரும் தலையீடுகள் மிக அரிது. 2018-இல் வந்த இரண்டு சோதனைகள், ஸ்கேனில் காப்பாற்றத்தக்க மூளைத் திசு இன்னும் மிச்சமிருப்பதாகத் தெரியும் சிலருக்கு, ஒன்றில் 16 மணி நேரம் வரையும் மற்றொன்றில் 24 மணி நேரம் வரையும் இதே சிகிச்சை பயன்படும் என்று காட்டின. இந்த நற்செய்தியால் ஒரு தீமையும் விளையலாம். '24 மணி நேரம் வரை இருக்கிறது' என்ற செய்தி பாதியாகப் பரவினால், அவசரம் தேவையில்லை என்ற எண்ணம் வந்துவிடும். அந்தச் சோதனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் மூளைத் திசுவை மெதுவாக இழந்துகொண்டிருந்தவர்கள். அதே நேரத்தில் வந்தும் காப்பாற்ற எதுவும் மிஞ்சியிராதவர்கள் முன்பே விலக்கப்பட்டிருந்தார்கள்.

கைமாற்றத்தில் தொலையும் நேரத்தை மீட்பது எப்படி என்பதற்குப் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மருத்துவமனையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. நோயாளி மருத்துவமனை வாசலுக்கு வந்ததிலிருந்து உறைவு கரைப்பு மருந்து உடலில் ஏறும் வரையான நேரம் அங்கே 1998-இல் நடுநிலை அளவாக (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, மீதிப் பேருக்கு அதிகம்) 105 நிமிடங்கள். 2011-இல் அது 20 நிமிடங்கள். இந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் அவர்கள் மருந்தை மாற்றவில்லை. பன்னிரண்டு சிறிய மாற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தார்கள்; தனித்தனியே பார்த்தால் அவற்றில் எதுவும் செய்தியாகக்கூட வராது. ஆம்புலன்ஸ் பணியாளர் வழியிலிருந்தே பக்கவாதக் குழுவை நேரடியாக அழைத்துச் சொல்வது, நோயாளி வந்துகொண்டிருக்கும்போதே அவருடைய பழைய மருத்துவப் பதிவுகளை எடுத்துப் படிப்பது, ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் அவர் வருவதற்கு முன்பே பதிவு செய்துவிடுவது, சி.டி. கருவியை அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கே கொண்டுவருவது, ஸ்கேன் அறிக்கைக்குக் காத்திராமல் பக்கவாத மருத்துவரே படத்தைப் பார்த்து முடிவெடுப்பது போன்றவையே அவை.

அவற்றில் ஒன்றைச் சற்று அருகே சென்று பார்க்கலாம். பழைய முறையில் ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலிருந்து நோயாளி அவசரப் பிரிவுக் கட்டிலுக்கு மாற்றப்படுவார். அங்கே செவிலியர் நாடி பார்ப்பார், பணி மருத்துவர் வந்து பார்ப்பார், நரம்பியல் மருத்துவரை அழைப்பார், ஸ்கேன் அறை காலியாக இருக்கிறதா என்று கேட்பார், பிறகு நோயாளியைத் தள்ளிச் செல்ல ஆள் தேடுவார். இதில் வீண் வேலை என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் எல்லாம் வரிசையாக நடக்கின்றன. புதிய முறையில் ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர் கட்டில்களைத் தாண்டி நேராக சி.டி. மேசைக்குப் போகிறது. மருத்துவர் வாசலிலேயே எதிர்கொண்டு, கூடவே நடந்தபடி கை கால்களைச் சோதிக்கிறார். படம் எடுத்து முடிந்ததும் கசிவு இல்லை என்று தெரிந்தால், நோயாளி அந்த மேசையிலிருந்து இறங்குவதற்கு முன்பே, ஏற்கெனவே அருகில் தயாராக இருக்கும் மருந்தின் முதல் அளவு நரம்பில் ஏறிவிடுகிறது. வரிசையாக நடந்தவை ஒரே சமயத்தில் நடக்கின்றன, அவ்வளவுதான்.

ஒரு தனி மருத்துவமனையின் பழக்கம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது என்பதைக் காட்ட, ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் உள்ள ஒரு மருத்துவமனை இந்த முறையின் மூன்று கூறுகளை மட்டும் எடுத்துச் செயல்படுத்தியது. சில மாதங்களிலேயே வேலை நேரத்தில் வாசல் முதல் ஊசி வரையான நடுநிலை நேரம் 43 நிமிடத்திலிருந்து 25 நிமிடமாகக் குறைந்தது. இரவிலும் விடுமுறை நாட்களிலும் அப்படிப்பட்ட முன்னேற்றம் ஏற்படவில்லை. ஒரு மண்டலத்தின் பக்கவாதச் சேவை எப்படி இருக்கிறது என்று அறிய விரும்பும் எவரும் முதலில் கேட்க வேண்டியது, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை மூன்று மணிக்கு என்ன நடக்கிறது என்பதைத்தான். வேலை நாள் பகலின் சராசரியைக் காட்டி நிறைவடைவது பெரும்பாலும் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகவே முடிகிறது.

மருத்துவமனை வாசலுக்கு முன்னால் தொலையும் நேரம் இதைவிடப் பெரிது. அறிகுறி தோன்றியதிலிருந்து யாரேனும் உதவிக்கு அழைக்கும் வரையான இடைவெளியே பல இடங்களில் மிக நீளமானது. பக்கவாதம் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காத நோயை 'கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும்' என்று தள்ளிப்போடுவது மனித இயல்பு. முகக் கோணல், கைத் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகிய மூன்றையும் மக்களுக்குக் கற்றுத்தரும் பிரச்சாரங்கள் உதவுகின்றன. ஆனால் பிரச்சாரம் நின்றதும் அதன் விளைவும் தேய்ந்துவிடுவதால் அவை ஒருமுறை செய்து முடிக்கும் வேலையல்ல. மேலும், தெரிந்துகொண்டவர் நேரே ஆம்புலன்ஸை அழைக்காமல் குடும்ப மருத்துவரிடமோ ஸ்கேன் வசதியற்ற அருகிலுள்ள சிறு மருத்துவமனைக்கோ நோயாளியைக் கொண்டுசென்றால், தெரிந்ததன் பயன் அங்கேயே வீணாகிறது. எங்கே போகக் கூடாது என்பதையும் பிரச்சாரம் சொல்ல வேண்டும்.

ஆம்புலன்ஸ் பணியாளருக்கும் மருத்துவமனைக்கும் இடையேயான அந்தத் தொலைபேசி அழைப்பில் என்ன சொல்லப்பட வேண்டும் என்பதை முன்கூட்டியே வகுத்திருப்பது அவசியம். நோயாளி நலமாக இருந்ததைக் கடைசியாக யார், எத்தனை மணிக்குப் பார்த்தார் என்பதே அதில் மிக முக்கியமான தகவல். 'அறிகுறி எப்போது தெரிந்தது' என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடை பல சமயம் தவறாக வழிநடத்தும். காலை ஆறு மணிக்கு எழுந்தபோது கை அசையவில்லை என்றால், அடைப்பு இரவு பதினோரு மணிக்கே ஏற்பட்டிருக்கலாம். இப்படித் தூக்கத்தில் பக்கவாதம் வருபவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். அவர்களில் சிலருக்கு எம்.ஆர்.ஐ. படத்தின் துணையோடு மருந்து கொடுக்கலாம் என்று 2018-இல் ஒரு சோதனை காட்டியது. அப்போதும் கடைசியாக நலமாகப் பார்த்த நேரம் தெரிந்திருப்பது முடிவெடுக்க உதவும். பேச்சிழந்த நோயாளி மட்டும் ஆம்புலன்ஸில் வந்து, விவரம் தெரிந்த உறவினர் பின்னால் வேறு வண்டியில் வந்துகொண்டிருந்தால், மருத்துவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். உறவினரையும் ஏற்றி வருவது, முடியாவிட்டால் அவருடைய கைபேசி எண்ணையாவது வாங்கி வருவது என்ற செலவில்லாத விதி, விலையுயர்ந்த பல கருவிகள் மிச்சப்படுத்தாத நிமிடங்களை மிச்சப்படுத்தும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எதையேனும் நோயாளி உட்கொள்கிறாரா என்பது அடுத்த கேள்வி. மாத்திரை அட்டைகளைப் பையோடு எடுத்துவரச் சொல்லிவிட்டால் அதற்கும் விடை கிடைத்துவிடும்.

இனி மண்டலத் திட்டமிடலின் மையச் சிக்கலுக்கு வரலாம்: நோயாளியை எந்த மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது? அருகில் இருப்பதற்கா, திறமை மிக்கதற்கா?

2010-இல் இங்கிலாந்தின் இரண்டு பெருநகரப் பகுதிகள் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு விடைகளைத் தேர்ந்தெடுத்தன. லண்டனில் அதுவரை ஏறத்தாழ 30 மருத்துவமனைகள் பக்கவாத நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தன. அவற்றில் எட்டை மட்டும் 24 மணி நேர அதிதீவிரப் பக்கவாதப் பிரிவுகளாக்கி, சந்தேகத்துக்குரிய எல்லா நோயாளிகளையும், அறிகுறி தொடங்கி எத்தனை மணி நேரமாகியிருந்தாலும், நேராக அங்கேயே கொண்டுசெல்ல வேண்டும் என்று விதித்தார்கள். நகரின் எந்த மூலையிலிருந்தும் ஆம்புலன்ஸ் அரை மணி நேரத்துக்குள் ஒரு பிரிவை அடையும்படி அந்த எட்டு இடங்களும் தேர்ந்தெடுக்கப்பட்டன. முதல் 72 மணி நேரத்துக்குப் பின் நோயாளி தன் வீட்டுக்கு அருகிலுள்ள பக்கவாதப் பிரிவுக்கு மாற்றப்படுவார். கிரேட்டர் மான்செஸ்டரிலும் மூன்று சிறப்பு மையங்களை அமைத்தார்கள். ஆனால் மற்ற மருத்துவமனைகளின் எதிர்ப்பால், அறிகுறி தொடங்கி 4 மணி நேரத்துக்குள் வருபவர்கள் மட்டுமே அங்கே செல்லலாம் என்று முடிவானது. மற்றவர்கள் வழக்கம்போல் அருகிலுள்ள மருத்துவமனைக்கே போனார்கள்.

விளைவுகள் தெளிவாக வேறுபட்டன. இரண்டு இடங்களிலும் மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறைந்தன. ஆனால் 2014-இல் வெளியான மதிப்பீட்டின்படி, நாட்டின் மற்றப் பகுதிகளில் நடந்த பொதுவான முன்னேற்றத்தையும் தாண்டி இறப்பு குறைந்தது லண்டனில் மட்டுமே. ஆண்டுக்கு ஏறத்தாழ 96 இறப்புகள் கூடுதலாகத் தவிர்க்கப்பட்டன. லண்டனில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதிதீவிரப் பிரிவில் சிகிச்சை பெற்றபோது மான்செஸ்டரில் அந்தப் பங்கு நாற்பது சதவீதத்தைக்கூட எட்டவில்லை. 4 மணி நேரம் என்ற எல்லை காகிதத்தில் அறிவியல்பூர்வமாகத் தோன்றினாலும், நள்ளிரவில் ஒரு வீட்டு வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸ் பணியாளருக்கு அது ஒரு புதிர். நேரம் சரியாகத் தெரியாத நோயாளியை எங்கே கொண்டுபோவது? 'எல்லோரையும் இங்கே' என்ற விதியில் தவறு நேர இடமே இல்லை. மான்செஸ்டர் 2015-இல் தன் விதியை மாற்றி எல்லா நோயாளிகளையும் சிறப்பு மையங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. பின்னர் அங்கே அத்தகைய மையங்களில் சிகிச்சை பெறுபவர்களின் பங்கு 86 சதவீதமாக உயர்ந்தது.

இந்த வேறுபாட்டை ஊசி போடுவதை வைத்து மட்டும் விளக்க முடியாது. உறைவு கரைப்பு மருந்துக்குத் தகுதி பெறுபவர்கள் எந்த இடத்திலும் சிறுபான்மையினரே. தகுதி பெறாத பெரும்பான்மையினருக்கும், ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கும், மிக வயதானவர்களுக்கும் பயன் தருவது பக்கவாதத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட வார்டும் அதற்கென்றே பயிற்சி பெற்ற குழுவும்தான். வயது, பாலினம், நோயின் தீவிரம், வகை எதுவாயினும் அத்தகைய பிரிவில் பராமரிக்கப்படுபவர்கள் பொது வார்டில் இருப்பவர்களைவிட அதிகம் பிழைக்கிறார்கள், அதிகம் சொந்தக் காலில் நிற்கிறார்கள் என்பது பல பத்தாண்டுச் சோதனைகள் திரும்பத் திரும்பச் சொன்ன உண்மை. மான்செஸ்டரின் பழைய விதி வெளியே நிறுத்தியது இந்தப் பெரும்பான்மையைத்தான்.

லண்டனின் விடையை அப்படியே எல்லா இடத்துக்கும் எடுத்துச் செல்லவும் முடியாது. அரை மணி நேரத்துக்குள் எட்டும் எட்டு மையங்கள் என்பது நெருக்கமான மாநகருக்குப் பொருந்தும். ஊர்கள் சிதறிக் கிடக்கும், மலையும் நீண்ட சாலையும் உள்ள மண்டலத்தில் சிறப்பு மையம் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கலாம். குறிப்பாக உறைவை இழுத்தெடுக்கும் சிகிச்சையைச் செய்யக்கூடிய மையங்கள் குறைவு. முதலில் அருகிலுள்ள மருத்துவமனைக்குச் சென்று மருந்து ஏற்றிக்கொண்டு பிறகு மையத்துக்குச் செல்வதா, அருகிலுள்ளதைத் தாண்டி நேராக மையத்துக்கே செல்வதா என்ற கேள்வி பல ஆண்டுகளாகச் சூடாக விவாதிக்கப்பட்டது. ஸ்பெயினின் காட்டலோனியாவில் 1,401 நோயாளிகளைச் சேர்த்து நடத்தப்பட்டு 2022-இல் வெளியான சோதனை இதற்கு விடை தேடியது. மூன்று மாத முடிவில் இரண்டு வழிகளுக்கும் இடையே வேறுபாடு இல்லை. இதிலிருந்து 'எப்படிப் போனாலும் ஒன்றுதான்' என்ற முடிவுக்கு வருவது தவறு. காட்டலோனியாவின் சிறு மருத்துவமனைகள் பல ஆண்டுகளாக ஒரே வலையமைப்பில் பழகி, மருந்தைக் கொடுத்து நோயாளியை விரைவாக அனுப்பிவைப்பதில் தேர்ந்தவை. அந்தத் தேர்ச்சி இல்லாத மண்டலத்துக்கு இந்த முடிவு பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள இடமில்லை. அதே சோதனையில் ரத்தக்கசிவு இருந்தவர்களைத் தனியே ஆராய்ந்தபோது, நீண்ட பயணமாக நேரே மையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் மேலும் மோசமான விளைவைச் சந்தித்தது தெரியவந்தது. ஸ்கேன் எடுக்காமல் வகை தெரியாது என்று முன்பே பார்த்தோம்; ஆகவே ஒருவருக்கு உதவும் வழி மற்றவருக்குத் தீங்காகலாம்.

எந்த வழியானாலும் முதல் மருத்துவமனையில் நோயாளி தங்கும் நேரமே பெரிய ஓட்டை. உள்ளே வந்ததிலிருந்து அடுத்த மருத்துவமனைக்குப் புறப்படும் வரையான இந்த நேரம் 120 நிமிடத்துக்குள், இயன்றால் 90 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வல்லுநர்களின் பரிந்துரை. அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வில் நடுநிலை நேரம் 174 நிமிடங்கள். ஏறத்தாழ மூன்று மணி நேரம்! இதில் மருத்துவ வேலைக்குச் செலவாவது சிறு பகுதிதான். மீதி நேரம் இரண்டாவது ஆம்புலன்ஸ் வருவதற்குக் காத்திருப்பதிலும், படங்களை அனுப்புவதிலும், மையத்தில் யார் ஒப்புக்கொள்வார்கள் என்று ஒவ்வொரு எண்ணாக அழைப்பதிலும் போகிறது. கொண்டுவந்த ஆம்புலன்ஸையே ஸ்கேன் முடியும் வரை நிறுத்திவைப்பது, மையத்துக்கு ஒரே எண், 'இடம் இருக்கிறதா' என்று கேட்காமலேயே ஏற்றுக்கொள்ளப்படும் என்ற முன் ஒப்பந்தம் ஆகிய மூன்றும் இருந்தால் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். மருந்தும் இங்கே ஒரு பங்கு வகிக்கிறது. ஆல்டிப்ளேஸில் பத்தில் ஒரு பங்கை உடனே செலுத்தி, மீதியைப் பம்ப் வழியாக ஒரு மணி நேரம் ஏற்ற வேண்டும்; ஓடும் வண்டியில் அதைக் கவனிக்கப் பயிற்சி பெற்றவர் தேவை. டெனெக்டிப்ளேஸ் என்ற மற்றொரு உறைவு கரைப்பு மருந்தோ ஒரே ஊசி. அது ஆல்டிப்ளேஸுக்குச் சளைத்ததல்ல என்று 2022-இல் கனடாவில் நடந்த பெரிய சோதனை காட்டிய பின் பல மண்டலங்கள் அதற்கு மாறியதில், நோயாளியை இடம் மாற்றும் வசதிக்கும் பங்குண்டு.

நோயாளியை நகர்த்துவதற்குப் பதிலாக அறிவை நகர்த்துவது இன்னொரு வழி. ஜெர்மனியின் பவேரியாவில் 2003-இல் தொடங்கிய தொலைமருத்துவ வலையமைப்பு, மியூனிக்கிலும் ரீகன்ஸ்பர்க்கிலும் உள்ள இரண்டு மையங்களின் நரம்பியல் மருத்துவர்களைக் காணொளி வழியாகச் சிறு மருத்துவமனைகளின் நோயாளியருகே கொண்டுவந்தது. இதைப் பார்த்துப் பலர் காமிராவையும் திரையையும் வாங்கினார்கள். பவேரியாவில் காமிராவோடு வேறு ஒன்றும் சேர்ந்தே வந்தது என்பதைக் கவனிக்கத் தவறினார்கள். அந்த ஒவ்வொரு சிறு மருத்துவமனையிலும் பக்கவாதத்துக்கெனத் தனி வார்டு அமைத்து, செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் தொடர்பயிற்சி கொடுத்து, தரத்தையும் இடைவிடாமல் கண்காணித்தார்கள். திரையில் தோன்றும் நிபுணர் பதினைந்து நிமிடத்தில் மறைந்துவிடுவார். அடுத்த பத்து நாளும் நோயாளி அந்த வார்டின் கையில்தான். இதே வலையமைப்பு 2018 முதல், உறைவை இழுத்தெடுக்கும் குழுவை ஹெலிகாப்டரில் ஏற்றிச் சிறு மருத்துவமனைக்கே அனுப்பிப் பார்த்தது. முடிவெடுத்ததிலிருந்து சிகிச்சை தொடங்கும் வரையான நேரம் நோயாளியை இடம் மாற்றியபோது 148 நிமிடம். குழுவே பறந்து சென்றபோது 58 நிமிடம். ஸ்கேன் கருவியோடு வீட்டு வாசலுக்கே வரும் சிறப்பு ஆம்புலன்ஸ்களும் பெர்லினிலும் அமெரிக்க நகரங்களிலும் நடந்த ஆய்வுகளில் நல்ல பலன் காட்டியுள்ளன. ஆனால் அடிப்படைச் சங்கிலியே ஒழுங்காக இல்லாத மண்டலம் இவற்றிலிருந்து தொடங்குவது முறையாகாது என்பது என் கருத்து.

முதல் சில மணி நேரத்தின் பரபரப்பு அடங்கிய பிறகு வார்டில் நடப்பதைப் பற்றி இவ்வளவு பேச்சு எழுவதில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடத்தி 2011-இல் வெளியிடப்பட்ட சோதனை ஒன்று மூன்று விஷயங்களை மட்டும் எடுத்துக்கொண்டது: காய்ச்சல், ரத்தச் சர்க்கரை, விழுங்கும் திறன். வெப்பநிலையைக் குறித்த இடைவெளியில் பார்த்து உடனே குறைப்பது, சர்க்கரை ஏறினால் இன்சுலின் கொடுப்பது, வாய்வழியாக எதையும் தருவதற்கு முன் விழுங்க முடிகிறதா என்று சோதிப்பது. எல்லாம் செவிலியர்கள் செய்பவை. மூன்று மாத முடிவில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் இந்த முறை பின்பற்றப்பட்ட இடங்களில் 42 சதவீதம். மற்ற இடங்களில் 58 சதவீதம். விழுங்கும் தசை செயலிழந்தவருக்கு யாரோ அன்போடு ஊட்டும் ஒரு மடக்குத் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகிறது. அதைத் தடுப்பது ஒரு கரண்டித் தண்ணீரைக் கொடுத்து, இருமுகிறாரா, குரல் ஈரமாக மாறுகிறதா என்று முறைப்படி கவனிக்கும் பயிற்சி பெற்ற ஒரு செவிலியர்.

இந்த எளிய நடைமுறைகளையும் சோதிக்காமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது. நோயாளியை எவ்வளவு சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நெடுநாள் நம்பப்பட்டது. 56 மருத்துவமனைகளில் 2,104 பேரிடம் நடத்தி 2015-இல் வெளிவந்த சோதனையில், முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடியும் அதிக நேரமும் எழுப்பி நடக்கவைக்கப்பட்டவர்கள் வழக்கமான பராமரிப்பு பெற்றவர்களைவிடச் சற்று மோசமாகவே மீண்டார்கள். மறுபுறம், எதுவும் செய்வதற்கில்லை என்று ஒதுக்கப்பட்டிருந்த ரத்தக்கசிவு நோயாளிகளுக்கு, ரத்த அழுத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் 140-க்குக் கீழே கொண்டுவருவது, சர்க்கரையையும் காய்ச்சலையும் கட்டுப்படுத்துவது, உறைவெதிர்ப்பு மருந்தின் விளைவை முறிப்பது ஆகியவற்றைச் சேர்த்துச் செய்தால் பலன் உண்டு என்று பத்து நாடுகளில் நடந்து 2023-இல் வெளியான சோதனை காட்டியது. அந்தப் பத்தில் ஒன்பது குறைந்த அல்லது நடுத்தர வருமான நாடுகள். பக்கவாத வலையமைப்புகள் பெரும்பாலும் அடைப்பை மனதில் வைத்தே வடிவமைக்கப்பட்டதால், கசிவு என்று ஸ்கேன் சொன்ன அடுத்த நொடியே அவசரம் கலைந்து குழு பிரிந்துபோவதைப் பல இடங்களில் காணலாம். அங்கும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சில நிமிடங்கள் வந்து தானாகவே மறையும் தற்காலிகப் பக்கவாதமும் இந்தச் சங்கிலியில் சேர்க்கப்பட வேண்டியதே. ஆக்ஸ்ஃபோர்டில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், இத்தகையவர்களைச் சந்திப்பு நேரம் கொடுத்துக் காக்கவைக்காமல் அன்றே பார்த்து அன்றே மருந்தைத் தொடங்கியபோது, அடுத்த 90 நாட்களில் மீண்டும் பக்கவாதம் வருவது 10.3 சதவீதத்திலிருந்து 2.1 சதவீதமாகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் இல்லை, காத்திருப்பை நீக்கினார்கள்.

வீடு திரும்பும் நாளில் நடப்பது கடைசிக் கைமாற்றம்; பெரும்பாலான மண்டலங்களில் மிகப் பலவீனமானதும் அதுவே. இயன்முறை சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் அடுத்த வாரமே வீட்டிலோ அருகிலோ தொடர்ந்தால், மருத்துவமனையிலிருந்து முன்னதாக அனுப்பப்படுவது நன்மையே; தொடரவில்லை என்றால் அது வெறும் கட்டில் காலி செய்யும் உத்தி. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது, இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையைக் கண்டறிந்து உறைவெதிர்ப்பு மருந்து தருவது, புகையை நிறுத்த உதவுவது ஆகியவை யார் பொறுப்பு என்று வெளியேற்றுச் சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் அளக்காமல் மேம்படுத்த முடியாது. ஆனால் எதை அளக்கிறோம் என்பதில் கவனம் தேவை. அமெரிக்காவில் 2010-இல் தொடங்கிய தேசிய முனைப்பு, 60 நிமிடத்துக்குள் ஊசி என்ற இலக்கை முன்வைத்து, நடுநிலை நேரத்தை 77-இலிருந்து 67 நிமிடமாகக் குறைத்தது. ஒரு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களின் பங்கும் உயர்ந்தது. எனினும் வாசல் முதல் ஊசி வரையான நேரம் ஊசி பெற்றவர்களை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. சிக்கலான நோயாளிக்கு ஊசியே போடாமல் விட்டுவிட்டால் அந்த மருத்துவமனையின் சராசரி அழகாகிவிடும். ஆகவே தகுதியிருந்தும் மருந்து பெறாதவர்கள் எத்தனை பேர், எக்காரணத்தால் என்ற எண்ணும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையிலுள்ள தேசியப் பக்கவாதத் தணிக்கை ஒவ்வொரு மருத்துவமனையின் பெயரோடும் முடிவுகளை வெளியிடுகிறது. அப்படிப் பெயரோடு வெளியிடுவது சங்கடம் தரும். அந்தச் சங்கடம் இல்லாமல் எண்கள் நகர்ந்ததாகத் தெரியவில்லை. மூன்று மாதம் கழித்து நோயாளியையோ உறவினரையோ தொலைபேசியில் அழைத்து, தானாக நடக்கிறாரா, உடுத்திக்கொள்கிறாரா, பழைய வேலைக்குத் திரும்பினாரா என்று கேட்டு அந்த விடையையும் அதே பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஊசி போட்ட நிமிடத்தைத் துல்லியமாகப் பதிவு செய்யும் பல மருத்துவமனைகளில் இந்தக் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது.